ஒரு தட்டில் பல கைகள்

நுழையுமுன்

நாள்தோறும் உண்ணும் உணவின் பெயரை நாம் அறிவோம். அது ஏன் அவ்வாறு சமைக்கப்படுகிறது, ஏன் அவ்வாறு பரிமாறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பாடம் எத்தியோப்பிய நாட்டுப் பருப்புக் குழம்பு ஒன்றைப் பற்றியது. செய்முறை வேறு, பரிமாறும் முறை வேறு என்று பிரித்துப் படிக்காதீர்கள். ஒன்று மற்றொன்றை எவ்வாறு உருவாக்கியது என்பதைக் கவனித்துக்கொண்டே படியுங்கள்.

செங்கடலுக்கு மேற்கே, ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் உயர்ந்து நிற்கும் மேட்டுநில நாடு எத்தியோப்பியா. அதன் தலைநகராகிய அடிஸ் அபாபா கடல்மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் அமைந்துள்ளது; நம் உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். அடிஸ் அபாபா என்னும் பெயருக்கு அம்ஹாரிக் மொழியில் 'புதிய மலர்' என்று பொருள். அம்மொழியின் எழுத்துமுறை தமிழ் படிக்கும் உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும். அடிப்படை எழுத்து ஒவ்வொன்றும் ஏழு உயிரொலிகளுக்கேற்ப ஏழு வடிவங்கள் கொள்கிறது. நம் உயிர்மெய் அட்டவணையை எழுதிப் பழகிய கைகளுக்கு அந்த அட்டவணை அவ்வளவு அயலாகத் தோன்றாது.

எத்தியோப்பியா என்றவுடன் பெரியவர்கள் பலருக்கு 1984, 1985 ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சமே நினைவுக்கு வரும். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் அக்காலத்துச் செய்தித்தாள்களில் உலகெங்கும் வெளிவந்தன. அப்பஞ்சம் மெய், அதில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் ஒரு நாட்டை அதன் பசியால் மட்டுமே அறிந்திருப்பது அரைகுறை அறிவாகும். அந்நாட்டு மக்கள் பசியாறும் முறையையும் அறிய வேண்டும். அதற்கு ஏற்றது 'மிசிர் வொட்' என்னும் எளிய குழம்பு.

'மிசிர்' என்றால் பருப்பு. நாம் மைசூர்ப் பருப்பு என்றும் வடநாட்டார் மசூர் என்றும் வழங்கும் அதே சிவந்த பருப்பு. 'வொட்' என்றால் குழம்பு. மிசிர், மசூர் ஆகிய இரு சொற்களின் ஒலியும் ஒத்திருக்கிறதே என்று உங்களுள் சிலர் உடனே கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் சான்றாகக் கொண்டு இரு மொழிச் சொற்களுக்கு உறவு கற்பிப்பது மொழியியல் நெறியன்று என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

விரதமும் குழம்பும்

எத்தியோப்பிய மக்களுள் பெரும் பகுதியினர் மிகத் தொன்மையான மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர்கள். அத்திருச்சபையினர் கடைப்பிடிக்கும் விரதங்கள் பல. ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் புதனும் வெள்ளியும் விரத நாள்கள். உயிர்ப்புத் திருநாளுக்கு முன்வரும் பெருவிரதம் 55 நாள்கள் நீடிக்கும். இவையும் பிற விரதங்களும் சேர, பொதுமக்களுக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 180 நாள்கள் விரத நாள்களாக அமைகின்றன. துறவியர்க்கும் குருமார்க்கும் இன்னும் மிகுதி. ஆண்டில் பாதி நாள் விரதம் என்றே கொள்ளலாம்.

விரதம் என்பது இங்கு முழுப்பட்டினி அன்று. காலையில் உண்ணாமல் இருந்து, பிற்பகலுக்குப் பின்னரே முதல் உணவு கொள்வர். அவ்வுணவில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய், நெய் எதுவும் சேரக்கூடாது. நம் ஊர்களில் மரக்கறி உணவு எனில் மோரும் நெய்யும் அதில் உண்டு. அவர்களுடைய விரத உணவிலோ பால் துளியும் இல்லை. எனவே அந்நாட்டிற்குச் செல்லும் மரக்கறி உண்போர் உணவகத்தில் 'சைவமா' என்று கேட்டு இடர்ப்பட வேண்டுவதில்லை. 'விரத உணவு' என்று கேட்டாலே போதும்.

பாதி ஆண்டு இறைச்சியும் நெய்யும் இல்லை என்றால் சமைப்பவர் என்ன செய்வார்? பருப்பிலும் கீரையிலும் கிழங்கிலும் தம் திறமை முழுவதையும் காட்டுவார். எத்தியோப்பியாவின் மரக்கறிக் குழம்புகள் இத்தனை வளம் பெற்றமைக்கு இந்தக் கட்டுப்பாடே காரணம் என்பது என் கருத்து. நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினராகிய இசுலாமியரின் நோன்பு முறை வேறு. ஆயினும் பருப்புக் குழம்பு அவர்கள் இல்லங்களிலும் உண்டு. இறைச்சி வாங்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்கோ விரத நாளும் பிற நாளும் ஒன்றே. அங்கெல்லாம் கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சும் 'ஷிரோ' என்னும் குழம்பே அன்றாட உணவு.

வெங்காயம் கரையும் நேரம்

மிசிர் வொட்டின் செய்முறையில் நமக்குப் புதுமையாகத் தோன்றுவது அதன் தொடக்கமே. நாம் முதலில் வாணலியில் எண்ணெய் விடுவோம். கடுகு வெடித்தபின் வெங்காயம் சேர்ப்போம். எத்தியோப்பியச் சமையலில் எண்ணெய் முதலில் வருவதில்லை. மிகப் பொடியாக அரிந்த வெங்காயத்தை வெறும் பாத்திரத்தில் இட்டு, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருப்பர். வெங்காயம் தன் நீரை விட்டு, அந்நீரிலேயே வெந்து, நீர் வற்றி, நிறம் மாறிக் குழையத் தொடங்கும். இதற்குக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அடிப்பிடிப்பதுபோல் தோன்றினால் சிறிது நீர் தெளிப்பர், எண்ணெய் விடமாட்டார்.

வெங்காயத்தின் அளவும் நோக்கத்தக்கது. நால்வர் உண்ணும் குழம்புக்கு ஒரு குவளைப் பருப்பு எனில், பெரிய வெங்காயம் மூன்றாவது வேண்டும். அரிந்து வைத்தால் பருப்பைவிட வெங்காயமே மிகுந்திருக்கும். சமைத்து முடித்தபின் தேடினால் ஒரு துண்டும் கிடைக்காது. அது முழுதும் கரைந்து குழம்பின் உடலாகவே மாறிவிட்டிருக்கும். குழம்பைக் கெட்டியாக்க அவர்கள் மாவோ தேங்காயோ அரைத்துச் சேர்ப்பதில்லை. வெங்காயமே அப்பணியைச் செய்கிறது.

பிறகே எண்ணெய். விரதமல்லாத நாளில் மணப்பொருள்கள் இட்டுக் காய்ச்சிய நெய்யைச் சேர்ப்பதுண்டு. விரத நாளில் தாவர எண்ணெய் மட்டுமே. மரபாகப் பயன்பட்டு வந்தது 'நூக்' என்னும் சிறு கரிய வித்தின் எண்ணெய். அவ்வித்தை உங்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும். வட மாநிலங்களில் ராம்தில் என்றும் கர்நாடகத்தில் ஹுச்செள்ளு என்றும் வழங்குவது இதுவே. ஒடிசா, ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசப் பகுதிகளில் வாழும் மாணவர்கள் இதன் மஞ்சள் பூக்கள் மண்டிய வயல்களைக் கண்டிருக்கலாம். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் தோன்றிய இப்பயிர் பழங்காலத்திலேயே இந்தியா வந்து சேர்ந்தது என்று பயிர் வரலாற்றாளர் கூறுவர்.

எண்ணெயின் பின்னே பூண்டும் இஞ்சியும், அவற்றின் பின்னே 'பெர்பெரே' பொடியும் சேரும். இக்குழம்பின் செந்நிறமும் காரமும் பெர்பெரே தருவன. மிளகாய் வற்றலே அதன் அடிப்படை. வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, கிராம்பு, உலர்ந்த துளசி வகை, ஏலத்தின் இனத்தைச் சேர்ந்த 'கொரரிமா' என்னும் பெரிய காய் முதலியவற்றை வீட்டுக்கு வீடு வெவ்வேறு அளவில் சேர்த்து உலர்த்தி இடிப்பர். பட்டியலைப் படிக்கும்போதே நம் அஞ்சறைப்பெட்டி நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் இவற்றுள் மிளகாய் மட்டும் அவர்களுக்கும் சொந்தமன்று, நமக்கும் சொந்தமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பல்வழியே பரவிய பின்னரே இரு நாட்டாரும் அதனைக் கண்டனர்.

பெர்பெரே பொடியை எண்ணெயில் இட்டவுடன் அடுத்த வேலைக்கு ஓடக்கூடாது. சிறிது சிறிதாக நீர் தெளித்துப் பத்து நிமிடங்களேனும் இளந்தீயில் வதக்க வேண்டும். இல்லையேல் பொடியின் பச்சை வாசனை குழம்பில் தங்கிவிடும். பின்னர் கழுவிய பருப்பையும் வெந்நீரையும் சேர்த்து, பருப்பு குழையும் வரை கொதிக்கவிடுவர். இறுதியில் உப்பு. கரண்டியால் எடுத்து வைத்தால் ஓடாமல், வைத்த இடத்தில் குவிந்து நிற்க வேண்டும், அதுவே பதம். சாம்பாரைப் போல் ஓடும் மிசிர் வொட் பதம் தவறிய மிசிர் வொட்.

ஏன் இத்தனை கெட்டி? விடை அடுப்பங்கரையில் இல்லை. உண்ணும் இடத்தில் இருக்கிறது.

உண்ணக்கூடிய தட்டு

எத்தியோப்பியாவில் இக்குழம்பைச் சோற்றில் ஊற்றி உண்பதில்லை. கிண்ணத்தில் இட்டுக் கரண்டியால் பருகுவதும் இல்லை. 'இஞ்செரா' என்னும் அகன்ற, மெல்லிய, புளிப்பான அப்பத்தின்மேல் வைத்து உண்கின்றனர்.

இஞ்செராவுக்குரிய தானியம் 'டெஃப்'. உலகில் மனிதர் பயிரிடும் தானியங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று இது. ஒரு கிராம் எடைக்கு ஏறத்தாழ 3,000 மணிகள் வேண்டும். கேழ்வரகை அறிந்த கண்களுக்கும் டெஃப் மணி கடுகின் துகள்போலவே தோன்றும். இதன் மாவை நீரில் கரைத்து, முந்தைய மாவின்மேல் தெளிந்து நிற்கும் 'எர்ஷோ' என்னும் மஞ்சள் நிறப் புளித்த நீரைச் சிறிது சேர்த்து, இரண்டு மூன்று நாள்கள் புளிக்க வைப்பர். நம் தோசை மாவுக்கு ஓரிரவு போதும். டெஃப் மாவுக்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். புளித்த மாவில் ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்து நீரோடு கஞ்சிபோல் காய்ச்சி, அதனை மீண்டும் மாவிலேயே கலப்பதும் உண்டு. அப்பம் விரியாமல் மென்மையாக வருவதற்கு அது துணைசெய்கிறது.

'மிட்டாட்' எனப்படும் அகன்ற மண்கல்லில் மாவை வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழித்து ஊற்றி, மூடியிட்டு வேகவைப்பர். திருப்பிப் போடுவதில்லை. எனவே அடிப்புறம் வழவழப்பாகவும் மேற்புறம் நூற்றுக்கணக்கான சிறு துளைகளோடும் அமையும். அத்துளைகளை அம்மக்கள் 'கண்கள்' என்றே அழைக்கின்றனர். கண்கள் நெருங்கி, ஒரே அளவாக அமைந்த இஞ்செராவைச் சுட்டவர் அண்டை அயலில் மதிக்கப்படுவார். ஒரு இஞ்செராவின் குறுக்களவு 50 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வகுப்பறை மேசையின் பெரும்பகுதியை மூடிவிடும்.

இந்த ஒரு இஞ்செராவைப் பெரிய வட்டத் தட்டில் விரிப்பர். கண்கள் உள்ள பக்கம் மேல்நோக்கி இருக்கும். அதன்மேல் குழம்புகளைச் சிறு சிறு குவியல்களாக வைப்பர். செந்நிற மிசிர் வொட், அதனருகே மஞ்சள் சேர்த்த, காரமில்லாத பட்டாணிப் பருப்பாகிய 'அலிச்சா', கரும்பச்சைக் கீரையாகிய 'கோமென்', முட்டைக்கோசும் கிழங்கும் கேரட்டும் கலந்த கறி, ஷிரோ. விரத நாளில் இவ்வாறு பல வகைகளைச் சேர்த்து வைக்கும் தட்டுக்கு 'பெயாய்நெட்டு' என்று பெயர். வகைவகையாக என்பது அதன் பொருள். தட்டினைத் தாங்குவது 'மெசொப்' என்னும், புல்லால் பின்னிய வண்ணக் கூடை மேசை. உயரம் குறைந்த இருக்கைகளில் அதனைச் சுற்றி அமர்வர்.

குழம்பு ஓடினால் என்ன ஆகும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்து தனிச்சுவை கெடும். அடியிலுள்ள இஞ்செரா நைந்து கிழியும். விரலால் அள்ள இயலாது. கரண்டி இல்லாத, கிண்ணம் இல்லாத, பலர்க்கு ஒன்றேயான தட்டுக்காகவே வெங்காயம் அத்தனை நேரம் கரைந்தது. பெர்பெரேயின் காரத்தைத் தணிக்க இஞ்செராவின் புளிப்பும், பருப்பின் சாற்றை ஈர்த்துக்கொள்ள அதன் கண்களும் உள்ளன. நம் வாழையிலையும் அழகிய தட்டுத்தான்; ஆயினும் அதனை நாம் உண்பதில்லை. இஞ்செராவோ தட்டாகவும் உணவாகவும் கரண்டியாகவும் பயன்படுகிறது. எல்லாக் குழம்புகளின் சாறும் ஊறிய அடிப்பகுதியைத்தான் அவர்கள் இறுதியில், மிகுந்த விருப்போடு உண்கின்றனர்.

தட்டைச் சுற்றி

உணவுக்கு முன் வீட்டின் இளையவர் ஒருவர் நீர்க்குவளையும் ஏனமும் ஏந்தி வருவார். ஒவ்வொருவர் கையிலும் நீர் வார்ப்பார். உணவு முடிந்தபின்னும் அவ்வாறே. பின்னர் வலக்கையால் இஞ்செராவின் ஒரு துண்டைக் கிழித்து, அத்துண்டினால் குழம்பைப் பற்றி, மடித்து வாயில் இடுவர். கிழித்து எடுப்பதற்கெனச் சுருட்டிய இஞ்செராக்கள் தட்டின் ஓரத்தில் தனியே இருக்கும்.

இங்கே உங்களுள் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். 'எச்சில் ஆகாதா?' இக்கேள்வியைத் தவறென்று தள்ளமாட்டேன். எச்சில் என்னும் சொல்லையும் அதன் விலக்கையும் நாம் தாய்மடியிலேயே கற்கிறோம். எத்தியோப்பியரும் இதனை எண்ணாமல் இல்லை. அவர்கள் வகுத்த ஒழுங்குகளைக் கேளுங்கள். ஒருவர் தம் எதிரே உள்ள பகுதியிலிருந்தே எடுப்பார். பிறர் பக்கம் கை நீட்டமாட்டார். குழம்பைத் தொடுவது இஞ்செராத் துண்டே; விரல் அன்று. விரலை நக்கக்கூடாது, வாயில் விரல் படாமல் இட வேண்டும். கடித்த துண்டை மீண்டும் தட்டில் வைக்கலாகாது. விரைந்து உண்பவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஏனெனில் தட்டு ஒன்றே, மற்றவர் பங்கும் அதிலேயே உள்ளது. தனித்தட்டில் உண்பவருக்கு இக்கவனம் தேவையில்லை. ஒரே தட்டில் உண்பவர் ஒவ்வொரு கவளத்திலும் அருகில் இருப்பவரை நினைக்க வேண்டியுள்ளது.

இவற்றுக்கெல்லாம் மேலாக 'குர்ஷா' என்னும் வழக்கம் ஒன்று உண்டு. நல்லதொரு கவளத்தை மடித்து, அருகில் இருப்பவர் வாயில் தம் கையாலேயே ஊட்டுவது குர்ஷா. தாய் குழந்தைக்கு ஊட்டுவதுபோலப் பெரியவர் பெரியவருக்கே ஊட்டுவர். விருந்தினருக்கு முதலில் ஊட்டுவர். மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டுவர். கவளம் பெரிதாக இருந்தால் அன்பும் பெரிது. மறுப்பது முறையன்று. வாய் நிறைந்து பேச இயலாமல் திணறும் விருந்தினரைப் பார்த்துச் சிரிப்பதும் விருந்தின் ஒரு பகுதியே.

ஆனால் இத்தட்டைச் சுற்றி எல்லாரும் அமர முடிந்ததா? இல்லை. இதனைச் சொல்லாமல் விட்டால் பாடம் இனிமையாக இருக்கும்; உண்மையாக இராது. வடக்கே கோண்டார்ப் பகுதி முதல் தெற்கே காஃபா வரை பல இடங்களில், களிமண் வனைவோரும் இரும்பு அடிப்போரும் தோல் பதனிடுவோரும் தாழ்ந்தவராகக் கருதப்பட்டனர். அவர்கள் கண்பட்டால் தீங்கு நேரும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். அத்தகையோருடன் ஒரே தட்டில் கைவைக்கப் பிறர் மறுத்தனர். இஞ்செரா சுடும் மண்கல்லை வனைந்து தந்த கைகளுக்கு அந்த இஞ்செராவில் இடம் இல்லை. சட்டம் அனைவரையும் சமம் என்று கூறும் இன்றும் சில ஊர்களில் இவ்வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு வரையறுத்த வரலாறு நம் நாட்டுக்கும் உண்டு என்பதால், நாம் அவர்களை நோக்கி விரல் நீட்ட இயலாது. ஒரே தட்டு என்பது அழகிய வழக்கந்தான். அதன் அழகு, அதனைச் சுற்றி யாருக்கு இடம் விடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கடல் கடந்த பின்

1974 ஆம் ஆண்டு பேரரசர் ஹைலே செலாசி அரியணையிலிருந்து அகற்றப்பட்டு, இராணுவ ஆட்சி வந்தது. அடக்குமுறைக்கு அஞ்சிப் பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேறினர். சூடான் வழியே சென்று, பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறினர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனும் அதன் சுற்றுப்புறமும் அவர்களுடைய பெரிய குடியிருப்பாக இன்று விளங்குகின்றன. (அதற்கு முன்னரே எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணமும் உண்டு. பேரரசர் காலத்தில் இந்திய ஆசிரியர்கள் பலர், அவர்களுள் பெரும்பாலோர் கேரளத்தார், எத்தியோப்பியாவின் சிற்றூர்ப் பள்ளிகளிலெல்லாம் பணியாற்றினர். ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் ஆசிரியர் குலத்தைச் சேர்ந்த எனக்கு அச்செய்தி எப்போதும் நெருக்கமானது.)

புதிய நாட்டில் டெஃப் கிடைக்கவில்லை. மிட்டாட் இல்லை, மெசொப் இல்லை, மேட்டுநிலத்துத் தட்பவெப்பமும் இல்லை. அத்தாய்மார்கள் கோதுமை மாவையும் வாற்கோதுமை மாவையும் அரிசி மாவையும் கலந்து பார்த்தனர். புளிக்காத மாவைப் பொங்கச்செய்யச் சோடா நீர் ஊற்றியவர்களும் உண்டு. மின்சாரக் கல்லில் வார்த்தனர். கண்கள் சரியாகத் திறக்கவில்லை, புளிப்பு போதவில்லை. 1980களில் அமெரிக்காவின் ஐடாகோ மாநிலத்தில் டெஃப் பயிரிடப்பட்ட பின்னர் நிலை சற்றுத் தேறியது. உள்நாட்டில் விலை ஏறியதால் 2006 ஆம் ஆண்டு எத்தியோப்பிய அரசு டெஃப் தானிய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. தானியத்துக்குத்தான் தடை, சுட்ட இஞ்செராவுக்கு இல்லை. ஆகவே அடிஸ் அபாபாவில் சுட்ட இஞ்செராக்கள் வானூர்தியில் ஏறிக் கடல் கடந்து சென்றன.

பெர்பெரேயை மட்டும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஊருக்குச் சென்று திரும்புவோரின் பெட்டியில் அப்பொடி இன்றும் முதலிடம் பெறுகிறது. பாட்டி வீட்டிலிருந்து திரும்பும்போது உங்கள் பெட்டியில் வரும் பொடிகளை எண்ணிக்கொள்ளுங்கள், விளக்கம் வேண்டாம்.

மாவு மாறியது, கல் மாறியது, கூடை மேசைக்கு மாற்றாகச் சாப்பாட்டு மேசை வந்தது. தட்டு மட்டும் ஒன்றாகவே நின்றது. அந்நகரங்களின் எத்தியோப்பிய உணவகத்தில் நால்வர் சென்று விரத உணவு கேட்டால், இன்றும் நான்கு தட்டுகள் வருவதில்லை. ஒரு பெரிய தட்டே வருகிறது. நடுவில் செந்நிறப் பருப்புக் குழம்பு, ஓடாமல், குவிந்து.

அருஞ்சொற்பொருள்

மேட்டுநிலம் – சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்த சமவெளி
இடர்ப்படுதல் – துன்பப்படுதல்
பதம் – சமையலில் சரியான பக்குவம்
ஏனம் – பாத்திரம்
கவளம் – ஒருமுறை வாயில் இடும் உணவின் அளவு
வனைதல் – களிமண்ணால் பாண்டம் செய்தல்
வாற்கோதுமை – பார்லி

பயிற்சி

அ. சுருக்கமாக விடையளிக்க.
1. எத்தியோப்பியரின் விரத உணவு நம் மரக்கறி உணவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. மிசிர் வொட்டைக் கெட்டியாக்குவது எது? அது குழம்பில் தென்படாதது ஏன்?
3. இஞ்செராவின் 'கண்கள்' எவ்வாறு தோன்றுகின்றன? அவற்றின் பயன் யாது?

ஆ. விரிவாக விடையளிக்க.
1. 'குழம்பின் பதத்தை முடிவு செய்தது தட்டு' – பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.
2. ஒரே தட்டில் உண்பதற்கு எத்தியோப்பியர் வகுத்துள்ள ஒழுங்குகளை எழுதுக. அவற்றுள் உங்களுக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது எது? ஏன்?
3. மண்கல் வனைந்தவர்களைப் பற்றிய பகுதியை ஆசிரியர் பாடத்தில் சேர்த்தது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. மொழிப்பயிற்சி: தொழிலாகுபெயர்
'வற்றல் தின்றான்' என்னும் தொடரில் வற்றுதல் என்னும் தொழிலின் பெயர், வற்றிய உணவுப்பொருளுக்கு ஆகி வந்துள்ளது. எனவே இது தொழிலாகுபெயர். நம் உணவுப் பெயர்கள் பல இவ்வகையின. பொங்கல், பொரியல், அவியல், சுண்டல், துவையல் ஆகியவற்றை ஆகுபெயராக அமைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எழுதுக. ஒவ்வொரு பெயரும் எத்தொழிலிலிருந்து பிறந்தது என்பதையும் எதிரே குறிக்க.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் சமைப்பவரிடம் கேட்டறிந்து, அவர் கூறும் சொற்களிலேயே அரைப்பக்கம் எழுதி வருக: சொந்த ஊரில் செய்ததற்கும் இந்த ஊரில் செய்வதற்கும் இடையே மாறிப்போன ஓர் உணவு எது? எப்பொருள் கிடைக்காததால் மாறியது? அதற்கு மாற்றாக எதைச் சேர்க்கிறார்? எதை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை? அவர் பயன்படுத்தும் ஊர்ச்சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதுக.